கணக்கில் ஏறாத புகை

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த வள்ளல் அழகப்பச் செட்டியார், லண்டன் குராய்டனில் விமானம் ஓட்டப் பயின்றவர். ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார். அந்த நிறுவனம் சில ஆண்டுகளில் மறைந்தது, ஆய்வகம் நிலைத்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த அந்த இடத்தை ஊரார் சிக்ரி என்றே சொல்கிறார்கள். விமானத் தொழிலில் கைவைத்தவர் கொடுத்த நிலத்தில் பேட்டரி ஆய்வு வளர்ந்தது தற்செயல்தான். ஆனாலும் விமான நிலையங்கள் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களை எப்படிக் குறைப்பது என்று இன்று பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் பேட்டரியிலும் மின்சாரத்திலும்தான் வந்து நிற்கிறது.

காரைக்குடிக்கென்று விமான நிலையம் கிடையாது. சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போகிறவர்கள் புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்குப் போகிறார்கள். சிலர் மதுரைக்குப் போகிறார்கள். இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கானாடுகாத்தானை ஒட்டிய செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று அரசுக் கால்நடைப் பண்ணையின் நிலத்துக்குள் கிடக்கிறது. அதைப் புதுப்பித்து விமானம் இறக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருந்துவருகிறது. ஆகவே காரைக்குடிக்காரருக்கு இந்த விஷயத்தில் மூன்று தொடர்புகள் உண்டு: பயணியாக, ஆய்வகத்தின் ஊர்க்காரராக, நாளை ஒரு விமான நிலையம் வந்தால் அதன் அண்டைவீட்டாராக.

முதலில் அளவை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளியேறும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கும் ஏ320 வகை விமானம், நான்கு மணி நேரத்தில் தோராயமாகப் பத்து டன் எரிபொருளைக் குடிக்கும். அதாவது ஒரு பக்கப் பயணத்துக்கு 30 டன்னுக்கு மேல் கரியமில வாயு. 180 பேர் ஏறியிருந்தால் ஆளுக்கு 170 கிலோவுக்கு மேல் வருகிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் விமானப் போக்குவரத்தின் பங்கு இரண்டு முதல் இரண்டரை விழுக்காடு. அந்தப் பங்குக்குள் விமான நிலையங்கள் தாங்களே எரிப்பதும், தாங்கள் வாங்கும் மின்சாரத்தால் உண்டாவதும் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாது. இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் "பசுமை விமான நிலையம்" என்ற பலகையைப் படிக்க வேண்டும்.

செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் வீட்டுப் பேரேட்டில் பற்றும் வரவும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும். ஒன்றை எழுதி மற்றதை விட்டால் ஐந்தொகை தட்டும். விமான நிலையக் கார்பன் கணக்கில் மூன்று பத்திகள் உண்டு. நிலையம் தானே எரிக்கும் டீசலும் எரிவாயுவும் முதல் பத்தி. அது விலைகொடுத்து வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ எரியும் நிலக்கரி இரண்டாவது. விமான நிறுவனங்கள், சரக்கு முகவர்கள், பயணிகளின் கார்கள், டாக்சிகள் என்று பிறர் வெளியிடுவதெல்லாம் மூன்றாவது. முதல் இரண்டும் நிலைய நிர்வாகத்தின் கையில் இருப்பதால் எளிதாகச் சுத்தமாகின்றன. பத்திரிகையில் படமும் வருகிறது. மூன்றாவதுதான் மலை.

2009இல் ஐரோப்பிய விமான நிலையங்களின் அமைப்பு தொடங்கிய கார்பன் அங்கீகாரத் திட்டம் இந்த வேறுபாட்டைப் படிப்படியாக ஏற்றுக்கொள்கிறது. கீழ்ப்படிகளில் நிலையத்தின் சொந்த வெளியீட்டை அளந்து குறைத்தால் போதும். மேலே போகப் போக விமானங்கள் தரையிறங்கி ஏறுவதையும், பயணிகள் வந்துசேரும் வழியையும் கணக்கில் எடுக்க வேண்டும். நடுவே ஒரு படி உண்டு, "கார்பன் சமநிலை". அந்தப் படியில், குறைக்க முடியாத மிச்சத்துக்கு ஈடாக வெளியே எங்கோ ஒரு திட்டத்தின் கார்பன் வரவை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். டெல்லி 2016இலேயே அந்தப் படியை எட்டியது. பெங்களூரு 2024இல் உச்சப் படியான ஐந்தாம் நிலைக்கு ஏறியது. இவை வெறும் விளம்பரம் என்று நான் சொல்லவில்லை; கணக்கெழுதும் பழக்கமே பெரிய மாற்றம். ஆனால் எந்தப் படியில் எந்தப் பத்தி சேர்கிறது என்று கேட்காமல் கைதட்டுவது வாசகருக்கு நல்லதல்ல.

கொச்சியை எடுத்துக்கொள்வோம். 2013இல் வருகை முனையத்தின் கூரையில் 100 கிலோவாட் சூரியத் தகடுகளோடு தொடங்கினார்கள். 2015 ஆகஸ்ட் 18 அன்று 45 ஏக்கரில் 12 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியது. முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயர் கிடைத்தது. 2018இல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் விருதும் வந்தது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தை மாநில மின்கட்டமைப்புக்குக் கொடுத்து, இரவில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். தகடுகளைக் கழுவும் தண்ணீரில் அவற்றின் அடியில் காய்கறி விளைகிறது. பிறகு கோழிக்கோடு மாவட்டத்தில் 4.5 மெகாவாட் சிறு நீர்மின் நிலையம், பையன்னூரில் இன்னொரு 12 மெகாவாட் சூரிய நிலையம். ஒரு விமான நிலையம் மின்சார உற்பத்தியாளராகவே மாறிப்போன கதை இது, தமிழகத்தின் எந்த நிலையமும் வெட்கமில்லாமல் பின்பற்றத் தகுந்தது. டெல்லியும் 2022 ஜூன் முதல் நீர்மின்சாரத்திலும் சூரிய மின்சாரத்திலும் மட்டுமே இயங்குவதாக அறிவித்தது.

இவை இரண்டாம் பத்தியைச் சுத்தம் செய்தன. அதே நிலையங்களில், அந்தச் சூரிய மின்விளக்குகளுக்குக் கீழேயே, விமானங்கள் எஞ்சினை ஓடவிட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

பயணிகள் பார்த்தும் கவனிக்காத ஒன்று உண்டு. விமானத்தின் வால் நுனியில் ஒரு சிறு துளை. அதற்குள் ஏ.பி.யூ. எனப்படும் துணை எஞ்சின். பெரிய எஞ்சின்கள் அணைந்திருக்கும்போது விளக்குக்கும் ஏ.சி.க்கும் விமானியறைக் கருவிகளுக்கும் மின்சாரமும் காற்றும் கொடுப்பது அதுதான். ஏ320 வகை விமானத்தில் இது மணிக்குத் தோராயமாக நூறு கிலோவுக்கு மேல் எரிபொருளைச் செலவழிக்கும். கரியமில வாயுவாகச் சொன்னால் 350 கிலோ அளவில் வரும். திருச்சியில் மே மாதத்து மதிய வெயிலில் ஏ.சி. இல்லாமல் பயணிகளை உள்ளே உட்காரவைக்க முடியாது. ஆகவே நிறுத்துமிடத்தில் மின்சாரம் இல்லாவிட்டால் அந்தத் துணை எஞ்சின் ஓடியே தீரும்.

இதற்கு மாற்று புதிதல்ல. ஏரோபிரிட்ஜின் அடியிலிருந்தே 400 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும், குளிரூட்டிய காற்றையும் தடித்த குழாய் வழியாக விமானத்துக்குக் கொடுத்துவிடலாம். நம் மின்கட்டமைப்பு இன்னும் பெரும்பாலும் நிலக்கரியை நம்பியிருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. அப்படியிருந்தும் கணக்குப் போட்டால், குளிரூட்டலும் சேர்த்து மணிக்கு 150 யூனிட் எடுத்துக்கொண்டால்கூட 105 கிலோதான் வருகிறது. துணை எஞ்சின் வெளியிடுவதில் மூன்றில் ஒரு பங்கு. சூரிய மின்சாரமாக இருந்தால் இன்னும் குறையும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது: அங்குள்ள முக்கிய விமான நிலையங்களில், முனையத்தை ஒட்டிய நிறுத்துமிடங்களுக்கு 2024 இறுதிக்குள்ளும், தொலைவில் உள்ள நிறுத்துமிடங்களுக்கு 2029 இறுதிக்குள்ளும் மின்இணைப்பு இருக்க வேண்டும். நமக்கும் இப்படி ஒரு கட்டாயம் வேண்டும். கருவியை வாங்கி மாட்டியதோடு வேலை முடியாது. நிறுத்தும் நேரம் குறைவு, குழாய் மாட்ட ஆள் இல்லை, மின்கட்டணம் யார் தலையில் என்ற தகராறு போன்ற சில்லறைக் காரணங்களால் கருவி சும்மா கிடக்க, துணை எஞ்சின் ஓடும். வாயுக்குறைப்பில் தொழில்நுட்பத்தைவிடக் கட்டண ஒப்பந்தம் அதிகம் தீர்மானிக்கும் இடம் இது.

தரையில் ஊர்வதும் இப்படித்தான். வானத்துக்காகச் செய்யப்பட்ட எஞ்சின், தரையில் மாட்டுவண்டி வேகத்தில் உருளும்போது எரிபொருளைக் கொட்டித் தீர்க்கிறது. டெல்லியில் 2023 ஜூலையில் கிழக்குக் குறுக்குப் பாதை திறக்கப்பட்டது. சாலைக்கு மேலே பாலம்போல விமானம் உருளும் பாதை. சில விமானங்கள் 9 கிலோமீட்டர் சுற்றிப்போன தூரம் 2 கிலோமீட்டராகக் குறைந்தது. ஒரு விமானத்துக்குச் சுமார் 350 கிலோ எரிபொருள், 1,100 கிலோவுக்குச் சற்று அதிகமான கரியமில வாயு மிச்சம் என்று அப்போது சொல்லப்பட்டது. அதற்கு முன்பே, 2019 அக்டோபரில், விமானி ஓட்டும் டாக்சிபோட் என்ற இழுவண்டியால் ஏர் இந்தியாவின் ஏ320 விமானத்தைப் பயணிகளோடு எஞ்சின் அணைத்தபடி ஓடுபாதை வரை இழுத்துச் சென்றார்கள். ஒரு எஞ்சினை மட்டும் ஓட்டி ஊர்வது இன்னும் எளிய வழி. அதற்குப் பாலமும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். திருச்சி போன்ற ஒற்றை ஓடுபாதை நிலையத்தில் பெரிய பாலங்களுக்குத் தேவையே இல்லை. விமானம் வரிசையில் காத்திருக்கும் நேரத்தை நிறுத்துமிடத்திலேயே, எஞ்சின் அணைந்த நிலையில் கழிக்கவைக்கும் ஒழுங்கு இருந்தால் போதும்.

சிக்ரியின் வேலை நிறுத்துமிடத்து வண்டிகளில் தொடங்குகிறது. பெட்டி இழுக்கும் டிராக்டர், படிக்கட்டு வண்டி, விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் வண்டி, பயணிகள் பேருந்து என்று ஒரு நிறுத்துமிடத்தைச் சுற்றி ஓடும் வண்டிகளில் பல இன்னும் டீசலில் இயங்குகின்றன. இவை குறுகிய தூரமே ஓடுகின்றன, வேகம் குறைவு, இடைவெளியில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். மின்வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை. சிங்கப்பூர் 2025 முதல் சாங்கி நிலையத்துக்குள் புதிதாக வரும் இலகு வண்டிகள் மின்வண்டிகளாகவே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது.

நம்மூர்ச் சிக்கல் வெயில். வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளத்துக்கு மேலே நிற்கும் காற்று, வானிலை அறிக்கையின் 40 டிகிரியைவிடச் சூடு. பத்து டிகிரி கூடினால் பேட்டரிக்குள் நடக்கும் பக்க வினைகள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர்களின் நடைமுறை விதி. அதற்கேற்ப ஆயுள் குறையும். குளிர்நாட்டில் சோதித்த பேட்டரியின் உத்தரவாதத் தாளை நம்பித் திருச்சியில் வண்டி வாங்க முடியாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். எடை கொஞ்சம் அதிகம். பெட்டி இழுக்கும் டிராக்டருக்கு எடை பாரமல்ல, உதவி, பிடிமானம் கூடும். லித்தியம் அயனிக் கலங்களை உள்நாட்டிலேயே செய்யும் முறையைச் சிக்ரி உருவாக்கி, 2018 ஜூனில் ஒரு தனியார் நிறுவனத்துக்குத் தொழில்நுட்பத்தை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. வெப்பநாட்டு விமான நிலையங்களுக்கென்று பேட்டரித் தரம் ஒன்றை வகுக்க வேண்டுமானால், 90 கிலோமீட்டர் தொலைவில் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டிருக்கும் இந்த ஆய்வகத்தைவிடத் தகுதியான இடம் எது? கேள்வி ஆய்வகத்துக்கல்ல, அதனிடம் போய்க் கேட்காதவர்களுக்கு.

முனையத்துக்குள் வருவோம். வெப்பநாட்டு முனையத்தின் மின்கட்டணத்தில் பெரும்பங்கு குளிரூட்டலுக்குப் போகிறது. 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்து, ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த திருச்சியின் புதிய முனையம் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் எழுந்தது. ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைத் தாங்கும் கொள்ளளவு. அதன் கோபுர வண்ணங்களையும் ஓவியங்களையும் எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள். பண்பாட்டை இப்படிச் சுவரில் ஏற்றுவது இப்போது நாடெங்கும் வழக்கமாகிவிட்டது, அதில் குறையொன்றுமில்லை. ஆனால் செட்டிநாட்டு வீடு நமக்கு விட்டுச்சென்றது தூண் வேலைப்பாடு மட்டுமல்ல. தடித்த சுவர், பல அடுக்கு ஓட்டுக்கூரை, சூடேறாத சுண்ணாம்புப் பூச்சு, காலுக்குக் குளிர்ச்சியான ஆத்தங்குடிக் கல், வாசலிலிருந்து முற்றம் தாண்டிப் பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் ஓடும் காற்று, கூரைத் தண்ணீரை வீணாக்காத வடிகால். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்த இந்த ஊர்களின் உண்மையான சொத்து இந்த வெப்ப அறிவுதான். முற்றத்தைத் திறந்துவைத்து முனையம் கட்ட முடியாது. இரைச்சலும் எரிபொருள் நெடியும் பாதுகாப்பும் விடாது. கண்ணாடிச் சுவரைக் குறைத்து, மேற்கு வெயிலுக்கு ஆழமான தாழ்வாரம் போட்டு, கூரையை வெளுப்பாக்கி, கட்டடத்தின் உடம்பைத் தடிமனாக்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. கண்ணாடிப் பெட்டி கட்டிவிட்டு அதைக் குளிர்விக்கச் சூரியத் தகடு வைப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

குளிரூட்டியில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. பெரிய சில்லர்களில் நிரப்பும் ஆர்-134ஏ போன்ற குளிர்பதன வாயு ஒரு கிலோ கசிந்தால், வெப்பமாக்கும் திறனில் அது கரியமில வாயு ஒரு டன்னுக்கு மேல் வெளியேறியதற்குச் சமம். புகை தெரியாது, மணம் இருக்காது. இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. பராமரிப்புப் பணியாளர் கசிவை எழுதிவைக்கும் குறிப்பேடு ஒன்று ஒழுங்காக இருந்தால், அது பல சூரியத் தகடுகளுக்குச் சமமான வேலையைச் செய்யும்.

சாலைக்கணக்கு காரைக்குடிக்கு நேரடியாக உரியது. சிங்கப்பூர் போகும் ஒருவரை வழியனுப்ப வேன் பிடித்துக் குடும்பமே கிளம்புவது நம் வழக்கம். அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆனாலும் கணக்கு கணக்குதான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், 90 கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர் பெட்ரோல் எரிக்கும், லிட்டருக்கு 2.3 கிலோ என்று வைத்தால் 14 கிலோ கரியமில வாயு. இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிக்கு இது 28 ஆகிறது. வரும்போது அழைத்துவர இன்னொரு 28. ஒரு பயணியின் போக்குவரத்துக்கு 56 கிலோ. சிங்கப்பூர் விமானத்தில் ஒரு பக்கத்துக்கு அவர் பங்காக வரும் 170 கிலோவில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே! நிலையத்தின் பலகையில் இது பெரும்பாலும் ஏறுவதே இல்லை.

இத்தனைக்கும் திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சி போகும் பேருந்துகள் அதன் வாசலைக் கடந்துதான் ஊருக்குள் நுழைகின்றன. கையில் இரண்டு பெட்டியோடு இறங்குவதற்கு நிழலும், அங்கிருந்து முனைய வாசலுக்கு ஒரு சிறு மின்பேருந்தும், பின்னிரவு விமானங்களின் நேரத்துக்கு ஏற்ற இரண்டு மூன்று நடைகளும் இருந்தால் எத்தனையோ வாடகைக் கார்கள் கிளம்பவே வேண்டாம். புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாத, அரசுப் போக்குவரத்துக் கழகமும் விமான நிலைய ஆணையமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடிகிற வேலை. இப்படிப்பட்ட வேலைகள்தான் நம் நாட்டில் அதிகம் காத்திருக்கின்றன.

அப்படியானால் செட்டிநாட்டிலேயே ஓடுதளம் புதுப்பித்தால் இந்தச் சாலைக்கணக்கு ஒழியுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் கணக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. சிறு ஓடுதளத்துக்கு முதலில் வருவது சிங்கப்பூர் விமானம் அல்ல. சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும் 70 இருக்கை ஏ.டி.ஆர். வகை. ஒரு மணி நேரப் பறப்புக்கு 650 முதல் 700 கிலோ எரிபொருள் என்று கொண்டால் இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு. எல்லா இருக்கையும் நிரம்பினால் ஆளுக்கு 30 கிலோ, பாதி நிரம்பினால் 60. அதே சென்னைக்குக் காரைக்குடியிலிருந்து மின்மயமான பாதையில் பல்லவன் ரயில் அதிகாலையில் கிளம்பி மதியத்துக்குள் போய்ச்சேர்கிறது. அதில் ஆளுக்கு ஆகும் வாயு சில கிலோதான்.

இருக்கை நிரம்புமா என்பது வேறு கேள்வி. சிறு நகரங்களுக்கு மானியத்தோடு விமானம் விடும் உடான் திட்டம் பற்றி மத்தியத் தணிக்கைத் துறை 2023இல் வெளியிட்ட அறிக்கை, மூன்றாம் சுற்று வரை ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை என்றும், மானியக் காலமான மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் நீடித்தவை 54 மட்டுமே என்றும் சொன்னது. சேலத்தில் 2018இல் தொடங்கிய சேவை 2021இல் நின்று, 2023 அக்டோபரில்தான் மீண்டது. விமானம் வராத நாளிலும் விமான நிலையம் எரிந்துகொண்டுதான் இருக்கும்: ஓடுபாதை விளக்குகள், தீயணைப்பு வண்டிகள், காவலர்கள், குளிரூட்டி, ஜெனரேட்டர். கூரை முழுக்கச் சூரியத் தகடு பதித்து அதைப் பசுமை நிலையம் என்று அறிவிக்கவும் முடியும். இரண்டாம் பத்தி அழகாகப் பூஜ்யம் காட்டும். பயணி இல்லாத நிலையம் வெளியிடும் வாயு, பயணி ஒருவருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் மட்டும் அந்த அழகு கலையும்.

வெளியே இருந்து வரும் நெருக்கடியும் இருக்கிறது. தாவர எண்ணெய்க் கழிவு, விவசாயக் கழிவு முதலியவற்றிலிருந்து செய்யும் நிலைத்த விமான எரிபொருளைப் பன்னாட்டு விமானங்களில் 2027இல் ஒரு விழுக்காடு, 2028இல் இரண்டு, 2030இல் ஐந்து என்று கலக்க இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. சிங்கப்பூர் அதற்காகத் தன் நிலையத்திலிருந்து கிளம்பும் பயணிகளிடம் தனிக்கட்டணம் வசூலிக்கப்போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. அங்கே வேலை பார்க்கும் காரைக்குடிக்காரரின் டிக்கெட்டில் அது ஒரு வரியாக வந்து சேரும். பறக்கும்போது வெளியேறும் முப்பது டன்னைக் குறைக்கும் வழி இப்படி மெதுவாகவும் செலவோடும்தான் வரும். தரையில் எரிவதைக் குறைக்கும் கருவிகள் இன்றைக்கே சந்தையில் கிடைக்கின்றன. அதனால்தான், பங்கு சிறியதாக இருந்தாலும், தரைக்கணக்கில் சாக்குச் சொல்ல இடமில்லை என்கிறேன்.

திருச்சியும் மதுரையும் தம் கார்பன் கணக்கை ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். அதில் எத்தனை நிறுத்துமிடங்களில் தரை மின்சாரம் உண்டு, ஒரு விமானத்துக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் துணை எஞ்சின் ஓடியது, பயணிகளில் எத்தனை பேர் பேருந்தில் வந்தார்கள் என்ற மூன்று எண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். செட்டிநாட்டு ஓடுதளத்துக்குச் செலவழிக்க நினைக்கும் தொகையில் ஒரு சிறு பகுதியைப் புதுக்கோட்டைச் சாலைப் பேருந்துகளுக்கும் ரயிலுக்கும் கொடுத்தால் வாயுவும் குறையும், பயணச் செலவும் குறையும். அதுவரை அந்த நிலம் கால்நடைப் பண்ணையாகவே இருக்கட்டும்.